அரிவாள்மனையும் உன் நோட்டும்

தோட்டப்பாளையம், வேலூர்
ஐப்பசி, வியாழக்கிழமை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதறது. இங்க நான், அப்பா, ஆயா எல்லாரும் சௌக்கியம். ஆயாவுக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கு. மாடி ஏறாதேன்னா கேக்கறதில்ல. வத்தல் காயுதான்னு பாக்கறதா சாக்கு சொல்லி, வாடகைக்கு வந்திருக்கறவங்ககிட்ட பேச்சுக் குடுக்கத்தான் போவுது. பாஷை தெரியாது, ஆனா அரை மணி நேரம் பேசிட்டு வரும்.

ஜெர்மனியில உங்க யுனிவர்சிட்டிக்கே காட்பாடிப் பையன் ஒருத்தன் விசா லேட்டாகி இப்பதான் கிளம்பறான். அவன்கிட்ட பார்சல் குடுத்திருக்கேன். பருப்புப்பொடி, இட்லிப்பொடி, வடகம், தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும். ஆற்காடு மக்கன் பேடா வாங்கி வெச்சிருந்தேன். பாகு ஒழுகி அவன் துணியெல்லாம் பாழாயிடும்னு அவங்கம்மா திருப்பிக் குடுத்துட்டாங்க. அப்பா சந்தோஷமா சாப்பிட்டுட்டாரு.

நீ போட்டோ எடுத்து அனுப்பின நோட்டுப் பக்கத்தையெல்லாம் படிச்சேன். வெளியூர்ல இருந்து படிக்க வந்தவங்க தினம் கண்ல படறதை எழுதணும்னு உங்க வகுப்புல சொன்னாங்களாமே, நல்ல வேலைதான். அதுக்கு பதில் எழுதணும்னு ஒரு வாரமா மனசுல வெச்சிருக்கேன். போன்ல முடியாது. பேச ஆரம்பிச்சா யாராவது பக்கெட் கேட்டு வந்துடுவாங்க.

மொதல்ல சிரிப்பு வந்ததைச் சொல்லிடறேன். உன் பேருக்குப் பின்னாடி அப்பா பேர் இருக்கறதால, அங்க எல்லாரும் உன்னை அப்பா பேர் சொல்லி 'ஃப்ராவ்'னு, நம்ம 'திருமதி' மாதிரி, மரியாதையாக் கூப்பிடறாங்கன்னு எழுதியிருந்தியே, அதை அப்பாவுக்கு ரெண்டு தடவை படிச்சுக் காட்டினேன். "டிரெஸ்டன்ல என் பேர் நடமாடுது பாரு"ன்னு தெருமுனை டீக்கடை வரைக்கும் போய்ச் சொல்லிட்டு வந்தாரு. ராத்திரி பத்தரைக்கு மிக்ஸியில தேங்காச் சட்னி அரைச்சு, காலையில கதவுல சீட்டு ஒட்டியிருந்த கதைக்கு ஆயா மட்டும் சிரிக்கல. "பத்தரைக்கு சட்னி அரைச்சா இங்கயும்தான் கேப்பாங்க, இன்னா பொண்ணு நீ"ன்னுச்சு.

இப்ப விஷயத்துக்கு வரேன். நாலாவது பக்கத்துல எழுதியிருக்கே: "இந்த ஊர்ல யாரும் யாரையும் சாப்பிட்டியான்னு கேக்கறதில்ல. சட்டம் இருக்கு, ஈரம் இல்ல." அதுக்கு சாட்சியா மூணு சம்பவம். ஆளே இல்லாத ரோட்டுல, ராத்திரியில, சிவப்பு விளக்குக்காக நின்ன பெரியவர் நீ தாண்டிப் போனதுக்கு ஏதோ முணுமுணுத்தாரு. ஞாயித்துக்கிழமை கண்ணாடி பாட்டிலை அதுக்குன்னு இருக்கற தொட்டியில போட்டதுக்கு கீழ் வீட்டம்மா திட்டினாங்க. ஞாயிறு கடை மூடியிருக்கறது தெரியாம நீ ஒரு நாள் பூரா வெறும் ரொட்டியோட இருந்தே, பக்கத்து ரூம்காரி தன் அலமாரியில அரிசி வெச்சுக்கிட்டே கேக்கல.

கடைசி சம்பவத்துல எனக்கும் கோவம்தான். பெத்தவளாச்சே. ஆனா அந்த வரியைப் படிச்சதும் நான் பண்ணின ஒண்ணு ஞாபகம் வந்து உறுத்திக்கிட்டே இருக்கு. உன்கிட்ட இதுவரைக்கும் சொல்லல.

புரட்டாசியில ரூம் நம்பர் மூணுக்கு ஒரு குடும்பம் வந்தாங்க. கல்கத்தாவுக்கும் அந்தாண்ட ஏதோ கிராமம். புருஷன், பொண்டாட்டி, ஒன்பது வயசுப் பையன். பையனுக்கு ரத்தத்துல கோளாறு, ரெண்டு மாசம் ஆஸ்பத்திரிக்கு நடக்கணும். ஐடா ஸ்கடர் 1900இல ஒத்தைக் கட்டிலோட ஆரம்பிச்ச சி.எம்.சி. ஆஸ்பத்திரியை நம்பி இத்தனை தூரத்துல இருந்து ரயிலேறி வர்றாங்க, அதுல நம்ம தெருவும் பொழைக்குது. வந்தன்னிக்கே வாடகையில அம்பது ரூபா குறைக்கச் சொல்லி அந்தாளு ஒரே பேரம். நானும் போனாப் போவுதுன்னு குறைச்சேன்.

மறுநாள் அந்தம்மா கீழே வந்து, "மாசி, போட்டி?"ன்னு கேட்டுச்சு. மாசின்னா சித்தி, அது எனக்குத் தெரியும், எல்லாரும் அப்படித்தான் கூப்பிடறாங்க. போட்டின்னா? நமக்குத் தெரிஞ்ச போட்டி ஆட்டுக்குடல்தானே. புரட்டாசியில வந்து என்னைப் போய் குடல் கேக்கறாளேன்னு மனசுக்குள்ள நெனச்சுக்கிட்டு, கைய நீட்டி பின்தெரு கறிக்கடையைக் காட்டினேன். பாவம், போய் அங்க நின்னிருக்கா. கடைக்காரரு கழுவின குடலை எடுத்துக் காட்டியிருக்காரு. தலையை ஆட்டிக்கிட்டே திரும்பி வந்துட்டா. வந்தவ நம்ம வாசப்படியில உக்காந்து, கோலமாவுக் கிண்ணத்துல இருந்து ஒரு சிட்டிகை எடுத்து தரையில வரைஞ்சா. ஒரு பலகை. பலகை முனையில இருந்து மேலே வளைஞ்சு எழும்பற கத்தி.

அரிவாள்மனை! ஆயாதான் மொதல்ல கண்டுபிடிச்சுது. உள்ளே போய் எடுத்துட்டு வந்து குடுத்தேன். அவ முகத்தைப் பாத்திருக்கணும் நீ. ஒரு காலை மடிச்சு, ஒரு காலை பலகை மேல ஊணி, ரெண்டு கையாலயும் மீனைப் பிடிச்சு கத்தியில கொடுத்து அப்படியே இழுக்கறா. நாம உக்கார்ற மாதிரியேதான். இவ்ளோ பெரிய கட்லா மீன் தலை, சத்தமில்லாம ரெண்டாப் பிளந்துச்சு. நம்ம ஊர்ல புதுசா கல்யாணமான பொண்ணுங்க நின்னுக்கிட்டு சின்னக் கத்தியில வெங்காயம் நறுக்கறாங்க, இவ அங்கிருந்து வந்து ஆயா மாதிரி உக்கார்றாளேன்னு எனக்கு ஒரே ஆச்சரியம். அப்புறம்தான் உறைச்சுது, நாம தேங்கா, காய் நறுக்கற மனை, புரட்டாசி சனிக்கிழமை வேற. அப்பா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டாரு. மறுநாளே மீனுக்குன்னு தனியா ஒண்ணு வாங்கி மூணாம் நம்பர்ல போட்டேன். அவங்க ஊர்லயும் மீனுக்கு ஒண்ணு, காய்க்கு ஒண்ணுன்னு தனித்தனியாத்தான் வெச்சுக்குவாங்களாம்.

இதுவரைக்கும் நல்ல கதை. இதுக்கப்புறம்தான் நான் பண்ணினது.

தினம் மீன். காலையில அந்தாளு மார்க்கெட் போறாரு, பையில மீனோட வர்றாரு. நான் எதிர் வீட்டம்மாகிட்ட சொன்னேன்: "வாடகையில அம்பது ரூபா குறைக்க அழுதாங்க, தினம் மீன் வாங்க மட்டும் காசு எங்கிருந்து வருது பாரு." ஒரு தடவை இல்ல, நாலஞ்சு தடவை சொன்னேன். நவராத்திரியில நாம கொலு வெச்சு சுண்டல் குடுத்துக்கிட்டிருக்கோம், அவங்க நவமியன்னிக்கு ஆட்டுக்கறி சமைச்சாங்க. அதையும் சேர்த்துச் சொன்னேன். அவங்களுக்கு துர்க்கா பூஜைன்னா வருஷத்துக்கே பெரிய பண்டிகை, அதுல நவமிக்குக் கறி சாப்பிடறதும் வழக்கம்தான்னு அப்புறம்தான் தெரிஞ்சுது.

ஒரு நாள் மத்தியானம் சிலிண்டர் ரெகுலேட்டர் பாக்க மேலே போனேன். மூணு பேரும் தரையில உக்காந்து சாப்பிட்டுக்கிட்டிருந்தாங்க. பையன் தட்டுல நடுத்துண்டம், முள்ளெடுத்து வெச்சிருந்துச்சு. அந்தாளு தட்டுல குழம்பும் தலைத்துண்டும். அவ தட்டுல சோறு, மசிச்ச உருளைக்கெழங்கு, மேல பச்சையா கடுகெண்ணெய், ஒரு பச்சை மொளகா. மீன் இல்ல. என்னைப் பாத்ததும் எழுந்து, "மாசி, காபே?"ன்னா. சாப்பிடறீங்களான்னு அர்த்தம். அவங்க பாஷையில தண்ணியைக்கூட சாப்பிடறதுன்னுதான் சொல்லுவாங்களாம்.

நமக்கு ரசம் மாதிரி அவங்களுக்கு மீன். மீனும் சோறும்தான் வங்காளின்னு அவங்க ஊர்ல பழமொழியே இருக்காம். காய்ச்சலா இருக்கற பிள்ளைக்கு நாம ரசஞ்சாதம் பிசைஞ்சு குடுக்கறப்போ யாராவது, "இவங்களுக்கு புளி வாங்கக் காசிருக்கு"ன்னு சொன்னா எப்படி இருக்கும்? நான் அதைத்தான் சொல்லியிருக்கேன். எதிர் வீட்டம்மாகிட்ட போய் திருத்திச் சொன்னேன். நான் முதல்ல சொன்னதை நம்பின அளவுக்கு அவங்க இதை நம்பல.

இருபத்திரெண்டு வருஷமா ரூம் விடறேன், எனக்கே இந்த லட்சணம். நீ போய் ஒரு வருஷம் ஆவுது. அதுக்குள்ள 'ஈரம் இல்ல'ன்னு முடிச்சுட்டியேன்னுதான்.

இன்னொண்ணும் இருக்கு. நீ எட்டாவது படிக்கறப்போ ஆஸ்பத்திரிக்கு ரெண்டு மாசம் பழக வந்த வெள்ளைக்காரப் பொண்ணு ஒருத்தி நம்ம மாடியில இருந்தா, ஞாபகமிருக்கா? டாக்டருக்குப் படிக்கறவ. அவளும் உன்னை மாதிரி எப்பப் பாத்தாலும் ஒரு நோட்டு. என்ன எழுதறேன்னு கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னா: "இந்த வீட்டுல யாரும் யாருக்கும் நன்றி சொல்றதில்ல. நீங்க காபி குடுக்கறீங்க, உங்க வீட்டுக்காரர் வாங்கிக் குடிக்கறார், ஒண்ணும் சொல்றதில்ல." எனக்கு சுருக்குன்னுச்சு. நன்றிகெட்ட வீடுன்னு எழுதிட்டாளோன்னு ராத்திரி பூரா யோசனை. அப்பா எனக்கு காபிக்கு நன்றி சொன்னா, எனக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு நான் பயந்துடுவேன்னு அவளுக்கு எப்படிப் புரிய வைக்கறது? இங்கிலீஷும் வரல. அவ நன்றியைத் தேடினா, கிடைக்கல. நீ சாப்பிட்டியாவைத் தேடறே.

நம்ம ஊரையே பாரேன். சாமியில்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணியில்லாத ஆறு, மரமில்லாத மலைன்னு யாரோ எப்பவோ சொல்லிட்டுப் போனதை இன்னைக்கும் சொல்லிச் சிரிக்கறாங்க. கோட்டைக் கோயிலுக்குள்ள ஜலகண்டேஸ்வரர் 1981லயே வந்துட்டாரு. ஆறும் 2021 நவம்பர்ல ரெண்டு கரையும் தொட்டுக்கிட்டு ஓடுச்சு, நாம எல்லாரும் பாலத்து மேல நின்னு பாத்தோமே. சொல்றவங்க மாத்திக்கல.

ஆனா நோட்டுல அருமையா ஒண்ணு எழுதியிருக்கே. ஓரத்துல, பொடி எழுத்துல, ஏதோ வேணாத விஷயம் மாதிரி. காலி பாட்டிலைக் கடையில திருப்பிக் குடுத்தா 25 சென்ட் வரைக்கும் கிடைக்கும், வயசானவங்க சிலர் ஸ்டேஷன் குப்பைத்தொட்டியில கைவிட்டு அதைப் பொறுக்கறாங்க, அதனால சிலர் பாட்டிலைத் தொட்டிக்குள்ள போடாம வெளியில, பக்கத்துல நிக்க வெச்சுட்டுப் போறாங்கன்னு. பாப்பா, அது என்ன? பொறுக்கறவங்க குப்பையில கைய விட வேணாம்னுதானே? வாயைத் திறந்து கேக்கல, ஆள் யாருன்னும் தெரியாது, ஆனா வெச்சுட்டுப் போறாங்க. நாலாம் பக்கத்தையும் இந்த ஓரத்து வரியையும் எழுதினது ஒரே கைதானான்னு எனக்கு சந்தேகம் வந்துடுச்சு. இதைப் பத்தி இன்னும் எழுதேன். எல்லாரும் வெக்கறாங்களா, சின்னப் பசங்க மட்டுமா, பொறுக்கறவங்க என்ன நெனைக்கறாங்க? நான் சின்னவளா இருந்தப்போ கலர் சோடா வீட்டுக்கு வாங்கிட்டு வந்தா பாட்டிலுக்குத் தனியா காசு கட்டணும். திருப்பிக் குடுத்து வாங்கற காசு எனக்கும் மாமாவுக்கும். அதுக்கு நாங்க போட்ட சண்டை தனிக் கடிதம்.

எல்லை தாண்டி செக் நாட்டு டெச்சின் ஊர்ல, எல்பே ஆத்துல கல்லுல எழுதியிருந்ததா சொன்னதும் மனசுல நின்னுடுச்சு. 'என்னைப் பார்த்தால் அழு.' ஆறு வத்தினாத்தான் அந்தக் கல் வெளியில தெரியும், 1616னு வருஷம்கூட வெட்டியிருக்குன்னே. பாலாத்துல அப்படி ஒரு கல் இருந்திருந்தா நாம வருஷம் பூரா அழுதுக்கிட்டுதான் இருக்கணும். ஆயாகிட்ட சொன்னேன். "நாங்க அழுவல, மணல்ல ஊத்து தோண்டினோம்"ன்னுச்சு. முழங்கை ஆழம் தோண்டி, கலங்கல் வடியற வரைக்கும் காத்திருந்து, கொட்டாங்குச்சியால மொண்டு குடத்துல ஊத்தும். நானும் போயிருக்கேன். அப்ப மணல் இருந்துச்சு. அதை உங்க வகுப்புல சொல்லு. ஆத்தோரம் பொறந்த பிள்ளைங்களா இருந்தா புரியும்.

கீழ் வீட்டம்மா பத்தி ஒரு வார்த்தை. ஞாயித்துக்கிழமை பாட்டில் உடையற சத்தம் தொந்தரவுன்னுதானே திட்டினாங்க? புரட்டாசி மாசம் விடியற்காலை அஞ்சு மணிக்கு ஸ்பீக்கர் போட்டா, ஆபரேஷன் முடிஞ்சு மாடியில படுத்திருக்கறவங்க என்ன பண்ணுவாங்கன்னு நான் யோசிச்சதே இல்ல. மூணாம் நம்பர் அந்தாளு, கையெடுத்துக் கும்பிட்டு, "சத்தம் கொஞ்சம் கம்மி பண்ண முடியுமா"ன்னு சைகையில கேட்டப்பதான் தெரிஞ்சுது. எங்கிட்ட கேட்டு என்ன பண்றது, ஸ்பீக்கர் என்கிட்டயா இருக்கு. ஆனா அந்தம்மாவுக்குக் கேக்க உன்கிட்ட வழி இருந்துச்சு, கேட்டாங்க. அதிரசத்துல நாலு எடுத்துக்கிட்டுப் போய்க் குடு. சாப்பிட்டீங்களான்னு நீ கேளேன். ஜெர்மன்ல அதை எப்படிக் கேப்பாங்கன்னு கத்துக்கிட்டு எனக்கும் சொல்லு.

வர்ற ஞாயித்துக்கிழமை அங்க கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால தள்ளுவாங்கன்னே. அப்போ மூன்றரை மணி வித்தியாசம் நாலரையாயிடும். நீ ராத்திரி எட்டரைக்கு கூப்பிட்டா இங்க ஒரு மணி. அப்பா முழிச்சிருக்க மாட்டாரு, நான் இருப்பேன். ஆனா சாயங்காலமே கூப்பிடு.

மேலே இருந்து கூப்பிடறாங்க. மூணாம் நம்பர்ல சிலிண்டர் தீர்ந்துடுச்சாம், அடுப்புல பாதி வெந்த சோறாம். போய் மாத்திட்டு வரேன்.

இப்படிக்கு,
அம்மா