வெட்டி ஒட்டினால் வரலாறு போச்சு

அன்புள்ள ஆசிரியருக்கு,

கூட்டாக எழுதும் கலைக்களஞ்சியங்கள் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று வியந்திருந்தீர்கள். சரி, திருத்தியது யார் என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதற்கு ஒரு வரிகூட இல்லை.

விக்கி, அதாவது விக்கிப்பீடியா போலப் பலர் சேர்ந்து திருத்தும் தளம், அதன் பக்கத்தின் மேலே 'வரலாறு' என்று ஓர் இணைப்பு இருக்கும். யார், என்றைக்கு, எதை மாற்றினார் என்பதெல்லாம் அதில் வரிசையாகக் கிடக்கும். நானே அதை மதிக்கத் தொடங்கியது ஒருமுறை அடிபட்ட பிறகுதான்.

ஒரு விக்கியில் நான்கு பேராகச் சேர்ந்து வளர்த்த கட்டுரை அது. தலைப்பில் எழுத்துப்பிழை இருந்தது. அதைக் கவனித்த ஒரு பயனர், நல்ல எண்ணத்தோடுதான், சரியான தலைப்பில் புதுப் பக்கம் தொடங்கி முழுவதையும் வெட்டி ஒட்டிவிட்டார். பழைய பக்கம் தேவையில்லை என்று நீக்கப்பட்டது. புதுப் பக்கத்தின் வரலாற்றைப் பார்த்தால், மொத்தக் கட்டுரையையும் அவர் ஒரே மூச்சில் எழுதியதுபோல் இருக்கிறது! பெயர் போனதுகூடப் பரவாயில்லை. எங்களில் ஒருவர் தவறான ஆண்டு ஒன்றை நீக்கி, ஏன் நீக்கினார் என்று தொகுப்புச் சுருக்கத்தில், அதாவது திருத்தத்தைச் சேமிக்கும்போது எழுதும் சிறு குறிப்பில், எழுதியிருந்தார். அந்தக் குறிப்பும் போனதால், அதே தவறான ஆண்டு சில மாதங்களில் திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது.

பக்கத்தின் தலைப்பை மாற்றும் 'நகர்த்து' என்ற வசதியைப் பயன்படுத்தியிருந்தால் வரலாறும் கூடவே போயிருக்கும். ஒட்டிய பிறகும் வழி உண்டு: நீக்கிய பக்கத்தை மீட்டு, இரண்டு வரலாறுகளையும் நிர்வாகி இணைக்கலாம். ஆனால் இரண்டு பக்கங்களும் ஒரே காலத்தில் தனித்தனியாக வளர்ந்திருந்தால் இணைக்கக் கூடாது, திருத்தங்கள் ஒன்றோடொன்று கலந்து குழம்பிவிடும். அப்போது பழையதை, திறந்தவரைப் புதுப் பக்கத்துக்கு அனுப்பும் வழிமாற்றாக விட்டு, உரை எங்கிருந்து வந்தது என்று சுருக்கத்தில் எழுதினால் போதும்.

விக்கிப்பீடியாவுக்கே இந்த அனுபவம் உண்டு. 2001-இல் அது பயன்படுத்திய மென்பொருள் பழைய திருத்தங்களை நிரந்தரமாக வைத்திருக்கவில்லை. தொடக்க மாதங்களின் திருத்தங்கள் பல தொலைந்தே போயின என்றிருந்தபோது, 2010 டிசம்பரில் விக்கிப்பீடியாவின் மென்பொருளாளர் டிம் ஸ்டார்லிங் பழைய காப்புக் கோப்புகளிலிருந்து அவற்றைக் கண்டெடுத்தார்.

அப்புறம் ஒன்று. உங்கள் கட்டுரையின் பெட்டிச் செய்திக்குக் கீழே 'நன்றி: இணையம்' என்று போட்டிருந்தீர்கள். விக்கியிலிருந்து எடுத்ததென்றால் பக்கத்தின் பெயரையும் எடுத்த தேதியையும் போடுங்கள். அந்த நாளைய வடிவத்துக்கென்றே நிலையான இணைப்பு ஒன்று அங்கேயே கிடைக்கும்.

இப்படிக்கு,
ஒரு விக்கிப் பயனர்