மண் கொடுத்த மினுமினுப்பு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் ரோமானியக் கண்ணாடிக் கட்டுரையில், ‘வானவில்லாக மின்னும் கோப்பைகளைச் செய்யும் ரகசியம் ரோமானியரோடு மறைந்துவிட்டது’ என்று ஒரு வரி. படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. ரோமானியர் அப்படி மின்னும் கோப்பைகளைச் செய்யவே இல்லை என்பது தாங்கள் அறியாததல்ல. நூற்றாண்டுக்கணக்கில் ஈர மண்ணில் கிடந்த கண்ணாடியிலிருந்து நீர் சோடியத்தைக் கரைத்து எடுத்துவிட, மேற்பரப்பு மெல்லிய அடுக்குகளாகப் பிரிகிறது. அவற்றில் ஒளி பட்டுத் திரும்பும்போது தெரிவதுதான் அந்த நிறங்கள்.

வேதியியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மகளைப் பார்க்க ஜெர்மனி போயிருந்தபோது, கொலோனில் தொல்பொருள் பராமரிப்பில் இருந்த ஒருவர் ஒரு கிண்ணத் துண்டைக் காட்டினார். மேலே பொன்னும் ஊதாவுமாக மினுங்கியது. உடைந்த விளிம்பில் பார்த்தால் வெறும் நீலப்பச்சை. மணலில் கலந்திருக்கும் இரும்பு தரும் நிறம். தூரிகை நுனி பட்டதுமே ஒரு செதில் வெங்காயச் சருகு போல உதிர்ந்தது. அவர் பதறிக் கையை எடுத்துக்கொண்டார். அழிந்துகொண்டிருக்கும் பொருளின் அழகு ஐயா அது!

மறைந்த ரகசியம் என்பதும் சரியில்லை. அகழ்வில் கிடைத்த கண்ணாடியைப் பார்த்துத்தான் 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பட்டறைகளும் அமெரிக்காவில் கண்ணாடிக் கலைஞர் லூயிஸ் டிஃபனியும் உலோக உப்புகளைக் கொண்டு அதே மினுக்கத்தை வரவழைத்தார்கள்.

உண்மையான அதிசயத்தைக் கட்டுரை தொடவே இல்லை. கி.மு. முதல் நூற்றாண்டில் சிரிய–பாலஸ்தீனப் பகுதியில் குழாயால் ஊதிக் கண்ணாடி செய்யும் முறை வந்தது. பணக்காரர் மேசையில் மட்டும் இருந்த பொருள் எளியவர் கைக்கும் வந்தது. ரோமில் ஒரு செப்புக்காசுக்குக் கண்ணாடிக் கோப்பை கிடைத்தது என்று அக்காலக் கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதியிருக்கிறார். பெயர் தெரியாத அந்த ஊதுகுழல் தொழிலாளிகளுக்கு ஒரு பத்தி ஒதுக்கக்கூடாதா?

தங்கள் அரிக்கமேடு சிறப்பிதழிலும் இதே குறைதான். மதுச்சாடிகளுக்குப் பக்கம் பக்கமாக இடம் இருந்தது. அங்கே கிடைத்த ரோமானிய விலாக் கிண்ணங்களின் (வெளிப்புறம் விலா எலும்பு போல வரிகள் புடைத்த கண்ணாடிக் கிண்ணங்கள்) துண்டுகளுக்கு ஒரு வரியில்லை. முசிறிக்குக் கண்ணாடி மூலப்பொருள் வந்ததை பெரிப்ளூஸ் என்ற பழைய கிரேக்கக் கடல்வணிக நூல் சொல்வதையும் குறிப்பிட்டு அப்போதே கடிதம் போட்டேன். வெளியாகவில்லை. பல்லாண்டு வாசகன் என்பதால் அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் வெளியிடுங்கள். இனி படத்தின் கீழ், அந்தப் பொருள் எங்கே கிடைத்தது, எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்பதையாவது போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
மதுரை