மான்ட்கோமரியின் மற்ற பெண்கள்

ஆசிரியருக்கு,

அமெரிக்காவின் அலபாமா மாநில வரலாறு பற்றிய உங்கள் கட்டுரையில், நிறப் பாகுபாட்டை எதிர்த்து மான்ட்கோமரி நகரக் கறுப்பினத்தவர் 1955-இல் தொடங்கிய பேருந்துப் புறக்கணிப்பை, வெள்ளையருக்கு இருக்கையை விட்டுத்தர மறுத்துக் கைதான ரோசா பார்க்ஸோடு முடித்துவிட்டீர்கள். அவர் மீது எனக்கும் பெரும் மரியாதை உண்டு. ஆனால் அவருக்கு ஒன்பது மாதம் முன்பே, மார்ச் 2 அன்று, கிளாடெட் கால்வின் என்ற 15 வயது மாணவி அதே ஊரில் இருக்கையை விட்டு எழ மறுத்தார். போலீஸார் விலங்கு மாட்டித்தான் கொண்டுபோனார்கள்.

அந்தப் பேருந்துகளில் நடந்த கொடுமையையும் சொல்லியிருக்கலாம். கறுப்பினத்தவர் முன்வாசலில் ஏறிக் காசைப் போட்டுவிட்டு, கீழே இறங்கி, பின்வாசல் வழியாகத் திரும்ப ஏற வேண்டும். அதற்குள் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விடும் ஓட்டுநர்களும் இருந்தார்கள், காசு போனது போனதுதான்!

பார்க்ஸ் கைதான இரவு, கல்லூரி ஆசிரியை ஜோ ஆன் ராபின்சன் புறக்கணிப்புக்கு அழைப்பு விடுத்து விடிய விடிய ஆயிரக்கணக்கான துண்டறிக்கைகளை சைக்ளோஸ்டைல் எடுத்தார். புறக்கணிப்பு 381 நாள் நீடித்தது. அப்புறம், நகரப் பேருந்துகளில் நிறப் பாகுபாட்டைச் சட்டப்படி ஒழித்தது பிரௌடர் எதிர் கேல் வழக்கு. அதன் தீர்ப்பை 1956 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. வாதிகளாக நின்ற நான்கு பெண்களில் கால்வினும் ஒருவர். பார்க்ஸ் அதில் இல்லை. கால்வின் மீதிருந்த சிறார் நீதிமன்றப் பதிவு 2021-இல்தான் நீக்கப்பட்டது. அடுத்த முறை இவர்கள் பெயரையும் தயவுசெய்து எழுதுங்கள்.

வாசகர், திருநெல்வேலி