எண்ணூர் வழியே நம் சரக்கு: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024-25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழு நண்பர்களே, செவ்வாய்ப்பேட்டை, கொண்டலாம்பட்டி, ஆத்தூர், ஏற்காடு பகுதிகளிலிருந்து வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமாக நம் ஏற்றுமதியாளர் சங்கத்தின் இந்த அறிக்கையில் கூட்டம் எத்தனை, வருகை எத்தனை என்று படித்துவிட்டு டீக்குப் போய்விடுவோம். இந்த முறை மாதக் கூட்டங்களில் துறைமுகம் பற்றிப் பேசியதையெல்லாம் ஒரே இடத்தில் எழுதித் தரும்படி குழு கேட்டது. காரணம் உங்களுக்கே தெரியும். கப்பல் புக்கிங்கில் "சென்னை" என்று போட்டிருக்கும். வண்டி ராயபுரம் பக்கம் போய் நிற்கும். கன்டெய்னர் பெட்டி உள்ளே போக வேண்டிய கேட்டோ இருபது கிலோமீட்டருக்கும் மேல் வடக்கே இருக்கும். சேலத்திலிருந்து பார்த்தால் எல்லாமே சென்னைதான். கப்பலுக்கு அப்படி இல்லை.

சென்னை என்று நாம் சொல்வதில் மூன்று துறைமுகம் இருக்கிறது. ராயபுரத்தை ஒட்டிய பழைய சென்னைத் துறைமுகம் ஒன்று. எண்ணூர் முகத்துவாரத்துக்கு வடக்கே இருக்கும் காமராஜர் துறைமுகம் இன்னொன்று. அதற்கும் வடக்கே, பழவேற்காட்டுப் பக்கமாகக் காட்டுப்பள்ளி மூன்றாவது. சுங்கத்துக்குக் கொடுக்கும் ஏற்றுமதிப் படிவமான ஷிப்பிங் பில்லில் சென்னைக்கு ஐஎன்எம்ஏஏ1, எண்ணூருக்கு ஐஎன்இஎன்ஆர்1, காட்டுப்பள்ளிக்கு ஐஎன்கேஏடி1 என்று குறியீடு வர வேண்டும். இந்த ஓர் எழுத்துக் கோவை தவறினால் பெட்டி கேட்டிலேயே நிற்கும். பில்லைத் திருத்தியோ ரத்து செய்தோ மறுபடி போட வேண்டும். ஏற்றுமதிப் பணம் வரும் வங்கியின் அடையாள எண்ணான ஏ.டி. கோடும் துறைமுகத்துக்குத் துறைமுகம் தனித்தனியாகப் பதிய வேண்டியது. "சென்னையில் பதிந்தாச்சே" என்று இருந்துவிட்டு, கப்பல் கம்பெனியான லைன்காரர் கடைசி நேரத்தில் கப்பலைக் காட்டுப்பள்ளிக்கு மாற்றியதும் ஓடியவர்கள் நம்மில் உண்டு. மூன்றிலும் இப்போதே பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நிலம். எண்ணூர் ஒரு ஒடுங்கிய நாக்கு போன்ற ஊர். கிழக்கே வங்கக்கடல், மேற்கேயும் வடக்கேயும் கொசஸ்தலையாறும் கழிமுகமும். பூண்டி ஏரியில் மதகு திறந்தால் அந்தத் தண்ணீர் கடைசியில் கடலில் சேருவது இங்கேதான். பக்கிங்காம் கால்வாயும் இதே உப்பங்கழியைத் தொட்டுக்கொண்டு போகிறது. அந்தக் கால்வாயின் முதல் துண்டு 1806இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே வெட்டியதுதான். பிறகு வடக்கேயும் தெற்கேயும் நீட்டி, 1876-78 பஞ்சத்தில் நிவாரண வேலையாகவும் வெட்டி, 1878இல் ஆளுநர் பெயரை வைத்தார்கள். உப்பும் விறகும் சிப்பிச் சுண்ணாம்பும் படகில் பட்டணத்துக்குப் போன வழி அது. இன்று நாம் டிரெய்லரில் வெளிவட்டச் சாலை சுற்றிப் போவதை அன்று துடுப்பாலும் கோலாலும் செய்தார்கள்.

சோழமண்டலக் கடற்கரையில் இயற்கைத் துறைமுகம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. மணல் ஓடிக்கொண்டே இருக்கும் கரை இது. தென்மேற்குப் பருவக்காற்று நாள்களில் அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளும். வடகிழக்கில் கொஞ்சம் திரும்பத் தள்ளும். கூட்டிக் கழித்தால் வடக்குதான் மிஞ்சும். 1876இல் சென்னைத் துறைமுகத்துக்குக் கல் கொட்டத் தொடங்கியதும் இந்த ஓட்டம் மறிக்கப்பட்டது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே மணல் வராமல் ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் கரையெல்லாம் அரித்துப் போனது. கருங்கல் கொட்டிக் கொட்டித்தான் அந்தக் கரையை இன்று பிடித்து வைத்திருக்கிறார்கள். கிரானைட் அனுப்பும் நமக்குக் கல்லைப் பற்றித் தெரியும். கல்லை வைத்துக் கடலை நிறுத்த முடிவதில்லை, அடுத்த ஊருக்குத் தள்ளத்தான் முடிகிறது.

தொழில் வந்த வரிசையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கார் கட்டும் அசோக் மோட்டார்ஸ் 1948இல் தொடங்கி, எண்ணூர் ஆலையோடு வளர்ந்து, 1955இல் அசோக் லேலண்ட் ஆனது. 1970இல் எண்ணூர் அனல்மின் நிலையம் ஓடத் தொடங்கி 2017இல் மூடப்பட்டது. மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பும் உரமும் வந்தன. 1990களில் அத்திப்பட்டுப் பக்கம் வடசென்னை அனல்மின் நிலையம், பிறகு வல்லூர். அனல்மின் நிலையங்களுக்கு நிலக்கரி இறக்கத்தான் எண்ணூர்த் துறைமுகமே கட்டினார்கள். 1999இல் பெருந்துறைமுகமாக அறிவித்து, நாட்டிலேயே முதல் முறையாகக் கம்பெனிச் சட்டத்தில் பதிந்து, 2001இல் திறந்தார்கள். 2014இல் காமராஜர் பெயர் வைத்தார்கள். சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி, இரும்புத்தாது கையாள்வதை 2011இல் உயர்நீதிமன்றம் நிறுத்தச் சொன்னதும் அந்த நிலக்கரித் தூசி எண்ணூருக்கு இடம் மாறியது. கார் ஏற்றுமதியும் வந்தது, 2019இல் திரவ இயற்கை எரிவாயு (எல்.என்.ஜி.) முனையம் வந்தது, கன்டெய்னர் முனையமும் வந்தது. காட்டுப்பள்ளி 2018இல் அதானி குழுமத்திடம் போனது. அதைப் பெரிதாக்கும் திட்டத்துக்குப் பழவேற்காட்டு மீனவர்கள் இன்றும் எதிர்ப்புத்தான்.

இந்தக் கரை மீனவர்கள் தொழிற்சாலைகளையும் துறைமுகங்களையும் எதிர்ப்பது ஏன் என்பதும் சரக்கு அனுப்புகிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எண்ணூரின் முகத்துவாரக்குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம், காட்டுக்குப்பம் ஆட்கள் கழியில் இறால், நண்டு, மடவை பிடித்துப் பிழைக்கிறவர்கள். நிலக்கரி எரித்த சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாயில் விடுகிறார்கள். குழாய் வெடித்தால் சாம்பல் ஆற்றில் படியும். ஆழம் குறைந்தால் வலை வேலை போயிற்று, வெள்ளமும் சீக்கிரம் ஊருக்குள் ஏறும். அனல்மின் நிலையம் உள்ள மேட்டூர்ப் பக்கத்து உறுப்பினர்களுக்குச் சாம்பல் பற்றி விளக்க வேண்டியதில்லை. 2017 ஜனவரி 28இல் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டியபோது கரையில் ஆட்கள் வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் மணலிப் பக்கமிருந்து எண்ணெய் கலந்து கழி முழுக்கப் படிந்தது. அதே மாதம் 26ஆம் தேதி இரவு கடலடிக் குழாயில் அமோனியா கசிந்து பெரியகுப்பம் மக்கள் வீட்டைவிட்டு ஓடினார்கள். இப்படி ஏதேனும் நடக்கும் வாரத்தில் சாலை மறியலும் வண்டி வரிசையும் இருக்கும். டிரைவரைத் திட்டிப் பயனில்லை.

இப்போது பெட்டிக்கு வருகிறேன். இதில்தான் நம் பணம் போகிறது.

காலிப் பெட்டி யார்டிலிருந்து வந்ததும் முத்திரையும் எண்ணும் பார்த்தால் மட்டும் போதாது. ஓர் ஆளை உள்ளே விட்டுக் கதவைச் சாத்துங்கள். கூரையிலோ மூலையிலோ ஊசி முனை வெளிச்சம் தெரிந்தாலும் அந்தப் பெட்டி வேண்டாம். மூக்கையும் பயன்படுத்துங்கள்: ஆம்பூர், வாணியம்பாடித் தோல் ஏறிய பெட்டியில் காப்பி போனால் காப்பி தோலாகத்தான் மணக்கும். காப்பியையும் மிளகையும் ஒரே பெட்டியில் அடைக்காதீர்கள் என்று ஏற்காட்டுக்காரர்களுக்கு மறுபடி சொல்கிறேன். தரைப் பலகையைக் கையால் தடவிப் பாருங்கள். ஈரம் இருந்தால் அது கடலில் மேலே ஏறிச் சரக்கின் தலையில்தான் சொட்டும்.

"பெட்டி வியர்ப்பது" என்று நாம் சொல்வது இதுதான். பகலில் மீஞ்சூர் சாலையில் வெயிலில் நிற்கும்போது சரக்கிலிருந்தும் பலகையிலிருந்தும் ஈரம் காற்றில் ஏறும். இரவில் இரும்புக் கூரை குளிர்ந்ததும் அந்த ஈரம் துளியாகும். மேல் வரிசை மூட்டை நனையும். ஜவ்வரிசி ஈரத்தை இழுத்துக் கட்டி தட்டும், பிறகு பூஞ்சை வரும். அடைக்கும்போதே ஈரம் 12 சதவீதத்துக்குள் இருக்கட்டும். காப்பி 11 சதவீதம் அளவில் இருக்கட்டும். பக்கச் சுவருக்கும் மேல் வரிசைக்கும் கிராஃப்ட் பேப்பர் போட்டு, ஈர உறிஞ்சிப் பைகளைக் கம்பியில் தொங்கவிடுங்கள். பைகளைத் தரையில் வீசினால் காசுக்குக் கேடுதான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை இதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

எடைக் கணக்கு. 2016 ஜூலை 1 முதல் வி.ஜி.எம்., அதாவது பெட்டியோடு சேர்த்துச் சரிபார்த்த மொத்த எடை, கொடுக்காமல் எந்தப் பெட்டியும் கப்பலேறாது. பெட்டியோடு எடை போடலாம், அல்லது சரக்கு, சாக்கு, கட்டை, பெட்டி எல்லாவற்றையும் கூட்டலாம். இருபதடிப் பெட்டியில் 60 கிலோ காப்பி மூட்டை 320 ஏற்றினால் 19,200 கிலோ. சாக்கு ஒன்று 700 கிராம் என்றால் அது 224 கிலோ. கதவில் எழுதியிருக்கும் காலி எடை 2,200 என்றால் மொத்தம் 21,624. பலரும் 19,200 என்று மட்டும் எழுதிவிடுகிறார்கள். துறைமுகத்தில் எடை போட்டு வித்தியாசம் வந்தால் பெட்டி ஓரம் கட்டப்படும், கப்பல் போய்விடும். கிரானைட்டுக்கு இன்னொன்று: மொத்த எடை சரியாக இருந்தாலும் கல் எல்லாம் நடுவில் நின்றால் பலகை உள்வாங்கும். கீழே நீளக் கட்டை போட்டு எடையைக் குறுக்குச் சட்டங்கள் மீது பரப்புங்கள். அந்தக் கட்டையும் கல்லைச் சாய்த்து நிறுத்தும் ஏ-ஃபிரேமும் உள்மரம் 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேற்றி முத்திரை குத்தியதாக இருக்க வேண்டும். முத்திரை இல்லாத மரத்தை இறங்கும் நாட்டில் திருப்பி அனுப்புவார்கள், கல்லோடு சேர்த்து.

வழி: ஆத்தூர், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டை, திண்டிவனம், செங்கல்பட்டு, வண்டலூர். அங்கிருந்து வெளிவட்டச் சாலையில் 62 கிலோமீட்டர் ஓடினால் மீஞ்சூர். எண்ணூருக்கும் காட்டுப்பள்ளிக்கும் நகருக்குள் நுழையவே வேண்டாம். கேட் திறக்கும் தேதிக்கு முன்னால் போனால் சாலையோரம் கிடக்கும். கட்-ஆஃப், அதாவது பெட்டியை ஏற்கும் கடைசி நேரம், தாண்டினால் ஷட் அவுட்: பெட்டி அந்தக் கப்பலில் ஏறாது. நம் உறுப்பினர் ஒருவரின் துவாலைத் துண்டு ஏற்றிய பெட்டியை, சரக்கு அனுப்பும் முகவரான ஃபார்வர்டர், துறைமுகத்துக்குள் பெட்டியை விடும் அனுமதியான ஃபார்ம் 13 எடுக்காமலேயே அனுப்பிவிட்டார். டிரைவர் இரண்டு இரவு வண்டிக்குக் கீழே படுத்தார். ஃபார்ம் 13 வாட்ஸ்அப்பில் கைக்கு வராமல் சேலத்திலிருந்து வண்டியைக் கிளப்ப வேண்டாம் என்பது குழுவின் முடிவு.

டிரைவர்களுக்கு அந்தச் சாலையில் கழிப்பிடமும் குடிதண்ணீரும் கேட்டுச் சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு மனு கொடுத்தோம். பதில் இல்லை. நினைவூட்டல் அனுப்பியிருக்கிறோம்.

மற்றவை: மாதக் கூட்டம் தவறாமல் நடந்தது. தணிக்கை செய்த கணக்கைப் பொருளாளர் தனியே படிப்பார். சந்தா பாக்கி உள்ளவர்கள் இன்று வெளியே மேசையில் கட்டிவிடலாம். பெயர் படித்து யாரையும் சங்கடப்படுத்தவில்லை. நிர்வாகக் குழுத் தேர்தல் இந்தக் கூட்டத்திலேயே, மதிய உணவுக்குப் பிறகு.

ஏற்றுமதி-இறக்குமதிக் குறியீட்டெண்ணான ஐ.இ.சி. விவரத்தை ஜூன் 30க்குள் ஆன்லைனில் உறுதி செய்ய வேண்டும். மாற்றம் எதுவும் இல்லாவிட்டாலும் செய்ய வேண்டும், இல்லையென்றால் முடக்கிவிடுவார்கள். ஜிஎஸ்டி கட்டாமல் ஏற்றுமதி செய்யக் கொடுக்கும் உறுதிமொழியான எல்.யூ.டி.யைப் புது நிதியாண்டுக்குப் போடாதவர்கள் இன்றே போடுங்கள். இரண்டுக்கும் உதவி வேண்டுவோர் லேப்டாப்போடு அடுத்த மாதக் கூட்டத்துக்கு அரை மணி நேரம் முன்னதாக வரவும்.

அறிக்கையை ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்
சேலம்