பணம் அனுப்ப வேண்டாம், அப்பா

கிளீவ்லாந்து, ஒஹாயோ
16 பிப்ரவரி 2025, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நான் நலம். அங்கே நீங்களும் அம்மாவும் பாப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்? அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? போனில் கேட்டால் "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாள். இந்தக் கடிதத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். தாள் பின்னால் தபாலில் வரும். ஒரு பத்திரத்தைப் படிப்பதுபோல நிதானமாகப் படியுங்கள்.

போன ஞாயிறு நீங்கள் சொன்னது மனதை விட்டுப் போகவில்லை. ஐந்து ரிசர்ச் பேப்பரில், எம்.பி.பி.எஸ். படிக்கும் பாப்பாவின் பெயரைச் சேர்த்துத் தருவதாக யாரோ சொல்கிறார்கள், அதற்குப் பணம் கட்ட அம்மாவின் சங்கிலியை அடகு வைக்கலாமா என்று யோசிக்கிறீர்கள். "நீ அங்கே பேப்பர் பேப்பர்னு ரெண்டு வருஷமா உட்கார்ந்திருக்கே, அவளாவது அலையாம இருக்கட்டும்" என்றீர்கள். அப்போது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது, பதில் வரவில்லை. இப்போது சொல்கிறேன். அடகு வைக்காதீர்கள், பணம் அனுப்பாதீர்கள்.

டாக்டருக்குப் படித்த பெண் ஏன் நோயாளியைத் தொடாமல் கம்ப்யூட்டர் முன்னால் இருக்கிறாள் என்று நீங்கள் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறீர்கள். நம் ஊரில் மேற்படிப்புக்கு நீட் பி.ஜி. எழுதினால் ரேங்க் ஒன்றே பேசும். இங்கே அப்படி இல்லை. தேர்வு மதிப்பெண், பரிந்துரைக் கடிதங்கள், மருத்துவமனை அனுபவம், ரிசர்ச் எல்லாவற்றையும் ஈராஸ் என்ற ஒரே விண்ணப்பத்தில் வைத்து, ஒவ்வொரு மருத்துவமனையின் ரெசிடென்சி ப்ரோகிராமுக்கும், அதாவது மேற்படிப்புப் பயிற்சிக்கும், அனுப்ப வேண்டும். பிடித்தவர்களை அவர்கள் பேட்டிக்குக் கூப்பிடுவார்கள். பேட்டிகள் முடிந்ததும் நாங்கள் அவர்களை வரிசைப்படுத்துவோம், அவர்கள் எங்களை வரிசைப்படுத்துவார்கள், கம்ப்யூட்டர் இரண்டையும் பொருத்தும். அதற்குப் பெயர்தான் மேட்ச். ஜாதகப் பொருத்தமா என்று அம்மா கேட்டாளே, ஏறக்குறைய அதேதான்.

முன்பு, இங்கே டாக்டராக எழுத வேண்டிய உரிமத் தேர்வுகளில் முதலாவதான ஸ்டெப் 1ல் வாங்கிய மூன்று இலக்க மதிப்பெண்ணை வைத்தே பல ப்ரோகிராம்கள் ஆட்களை வடிகட்டின. 2022 ஜனவரி 26 முதல் அந்தத் தேர்வில் பாஸ் அல்லது ஃபெயில் மட்டும்தான். ஆயிரக்கணக்கில் வந்து விழும் விண்ணப்பங்களை வேறு எதை வைத்துப் பிரிப்பது? ஸ்டெப் 2 மதிப்பெண்ணுக்கு மவுசு கூடியது. கூடவே ரிசர்ச்சுக்கும். 2022 கணக்குப்படி, நரம்பியல் அறுவை சிகிச்சையில் இடம் பிடித்த அமெரிக்க எம்.டி. மாணவர்கள் (இங்கே எம்.டி. என்பது நம் ஊர் எம்.பி.பி.எஸ். மாதிரி முதல் டாக்டர் படிப்பு) சராசரியாக 25க்கு மேல் ஆய்வுகளைக் காட்டியிருக்கிறார்கள். மாநாட்டில் ஒட்டிய போஸ்டர், ஆய்வுச் சுருக்கம், உரை எல்லாம் சேர்ந்த எண்ணிக்கை அது. ஆனாலும் நாலைந்து வருடப் படிப்புக்கு நடுவே 25! இதைப் பார்த்துத்தான் பிள்ளைகள் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தை வைத்துத்தான் உங்களுக்குப் போன் செய்தவரின் வியாபாரம் நடக்கிறது.

நான் கேட்பது பொது மருத்துவம். இதில் அந்த அளவு எதிர்பார்ப்பு இல்லை. பல்கலைக்கழக மருத்துவமனைகள் ரிசர்ச்சைக் கவனித்துப் பார்க்கும், சின்ன ஊர் மருத்துவமனைகள் பெரிதாகக் கேட்பதில்லை. ஆனால் நம்மைப் போல வெளியிலிருந்து வருபவர்களுக்கு ரிசர்ச் வேறொரு விதத்தில் கதவு. இங்கே ஒரு பெரிய டாக்டர் நம் வேலையை ஒரு வருடம் பக்கத்திலிருந்து பார்த்துவிட்டு எழுதித் தரும் கடிதம் அதில்தான் கிடைக்கிறது. 2024 மேட்ச்சில் இங்கேயே எம்.டி. முடிப்பவர்களில் 93 சதவீதத்துக்கு மேல் இடம் கிடைத்தது. வெளிநாட்டில் படித்த, அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவர்களுக்கு 58.5 சதவீதம். இடம் கிடைக்காத மீதியில் ஒருத்தி நான். முடிவு வந்த அன்றைக்கு நீங்கள் "சரி, சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டீர்கள். அதை நான் மறக்கவில்லை, அப்பா.

என் வேலை இதுதான். முடிந்துபோன சிகிச்சைகளின் பதிவேடுகளைப் படித்து, நெறிமுறைக் குழு அனுமதித்த விவரங்களை மட்டும், நோயாளியின் பெயர் இல்லாமல், ரெட்கேப் என்ற மென்பொருளில் ஏற்ற வேண்டும். ஒரே நோயாளியின் விவரத்தை இரண்டு பேர் தனித்தனியாக ஏற்றி ஒத்துப் பார்ப்போம். என் ஜோடி எகிப்துப் பெண். வீட்டில் என்னோடு இருப்பவள் நேபாளம். மூவரும் டாக்டர்கள், மூவருக்கும் ஸ்டெதஸ்கோப் பெட்டிக்குள். முதல் ஆறு மாதம் சம்பளமே இல்லாமல் உங்கள் பணத்தில்தான் வாடகை கட்டினேன். இந்த மாதம் ஏரி உறைந்து கிடக்கிறது. ஈரி ஏரிக்கு மறுகரை கண்ணுக்குத் தெரியாது, கடல் மாதிரியே இருக்கும், ஆனால் நம் தேவனாம்பட்டினம் கடற்கரையின் உப்பு வாடை கிடையாது. பக்கத்து ஊரான பார்மாவில் சிவன், விஷ்ணு இருவருக்கும் சேர்ந்து ஒரு கோயில் இருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லுங்கள். பொங்கலுக்குப் போய் வந்தேன்.

இனி சொல்லப்போவதற்காகத்தான் இந்தக் கடிதமே. இந்த சீசனில் எனக்கு வந்த பேட்டிகளில் இரண்டை மட்டும் சொல்கிறேன்.

ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது நான் ஒரு நீல அட்டை நோட்டு வைத்திருந்தது நினைவிருக்கிறதா? பண்ருட்டிப் பக்கம் முந்திரிக் காலத்தில், இருட்டு விலகும் முன்பே சருகுக்குள் கைவிட்டுக் கொட்டை பொறுக்கும் பெண்களைப் பாம்பு கடித்துக் கொண்டுவருவார்கள். இரண்டு மில்லி ரத்தத்தைக் காய்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துவிட்டுச் சாய்த்துப் பார்ப்போம். உறையாமல் ஓடினால் விரியன் விஷம் ஏறிவிட்டது. அந்த 20 நிமிடம் அந்த அம்மாவின் பக்கத்தில் நிற்கும்போதுதான் எனக்குக் கேள்வி வந்தது. கடித்ததிலிருந்து எங்களிடம் வந்து சேர எவ்வளவு நேரம் போனது? எங்கே போனது? துறைத் தலைவரிடம் கேட்டு, கல்லூரி நெறிமுறைக் குழுவின் அனுமதியும் வாங்கி எழுத ஆரம்பித்தேன். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியில் வருடத்துக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்திருக்கிறார்கள் என்று ஒரு ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2017ல் அதைக் கவனிக்கப்படாத நோய்களின் பட்டியலில் சேர்த்தது. இதெல்லாம் எனக்குப் பிற்பாடுதான் தெரியும். அப்போது தெரிந்ததெல்லாம், கயிறு இறுகக் கட்டி வீங்கிப்போன கால்கள்தான்.

ஜூம் பேட்டியில் ஒரு வயதான டாக்டர், அந்த நோட்டை வைத்து நான் எழுதிய பாம்புக்கடிக் கட்டுரையைத்தான் எடுத்தார். "கடித்த நேரம் உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார். தோப்பில் யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை, "முதல் பஸ் போனதுக்கு அப்புறம்", "பால் கறக்கிறதுக்கு முன்னாடி" என்றுதான் சொல்வார்கள், அந்த வார்த்தைகளை அப்படியே ஒரு கட்டத்தில் எழுதி, பஸ் நேரத்தை விசாரித்து, நிச்சயமில்லாததைத் தனியாகக் குறித்தேன் என்றேன். அவர் அதை விடவே இல்லை. எத்தனை பேருக்கு நேரம் நிச்சயமில்லை, அவர்களைக் கணக்கில் சேர்த்தாயா, சேர்க்காவிட்டால் முடிவு மாறுமா? பேட்டி நேரத்தில் பாதி இதிலேயே போனது. எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. ஏனென்றால் அந்த இரவுகளில் நான் அங்கே இருந்தேன்.

அடுத்த வாரம் இன்னொரு பேட்டி. அவர் எடுத்தது வேறொரு கட்டுரை. அதில் நான் ஐந்தாவது பெயர். உண்மையில் மேற்கோள் பட்டியலைச் சரிபார்த்துக் கொடுத்ததுதான் நான் செய்த வேலை. "இந்தப் புள்ளியியல் முறையை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்?" என்று கேட்டார். என்னால் சொல்ல முடியவில்லை. அவர் மரியாதையாகப் பேச்சை மாற்றினார். அதற்குப் பிறகு நான் சொன்ன எதையும் அவர் முழுதாக நம்பியிருக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். பெயர் சேர்த்தபோது நான் மறுத்திருக்க வேண்டும்.

நீங்கள் மஞ்சக்குப்பத்தில் முப்பது வருடம் பத்திரம் எழுதினீர்கள். கண்ணால் பார்க்காத பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்லி வந்த சொந்தக்காரரைக்கூட வாசலிலேயே திருப்பி அனுப்பினீர்கள். கட்டுரையில் பெயர் போடுவதும் அதேதான், அப்பா. மருத்துவ இதழ்கள் ஏற்றுக்கொண்ட விதி ஒன்று இருக்கிறது. ஆய்வைத் திட்டமிடுவதிலோ, விவரம் சேர்ப்பதிலோ, அலசுவதிலோ கணிசமான பங்கு வேண்டும். எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு வேண்டும். கடைசி வடிவத்துக்குச் சம்மதம் தர வேண்டும். நாளைக்கு யார் கேட்டாலும் பொறுப்பேற்க வேண்டும். நான்கும் சேர்ந்தால்தான் பெயர். பாப்பாவுக்கு விற்க வருபவரிடம் இதில் ஒன்றாவது இருக்கிறதா? தாய்ப் பத்திரம் இல்லாத மனையைத்தான் அவர் விற்கிறார். 2023ல் மட்டும் உலகம் முழுக்க 10,000க்கு மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அவற்றில் ஏராளமானவை இப்படிக் காசுக்குத் தயாரித்தவை என்ற சந்தேகத்தில் சிக்கியவை. திரும்பப் பெற்ற கட்டுரை மறையாது, அந்த முத்திரையோடும் எழுதியவர் பெயரோடும் இணையத்தில் நிற்கும். வில்லங்கச் சான்றிதழில் ஏறிய பதிவு மாதிரி. பாப்பாவுக்கு இருபத்திரண்டு வயதுதான் ஆகிறது.

அவளுக்கு ரிசர்ச் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவள் இருக்கும் புதுச்சேரியைவிட அதற்கு நல்ல ஊர் எது? நீங்கள் பத்தாவது படித்தபோது முத்தியால்பேட்டை மாமா வீட்டுக்கு இரவு பத்து மணிக்கு மேல் ஆட்கள் வந்து, தூங்கியவர்களை எழுப்பி விரலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள் என்று சொல்வீர்களே. யானைக்கால் நோயின் நுண்புழு இரவில்தான் வெளி ரத்தத்துக்கு வரும், அதனால்தான் அந்த நேரம். 1975ல் புதுச்சேரியில் தொடங்கிய நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் 1981 முதல் 1985 வரை நகரம் முழுக்கச் சாக்கடையையும் கொசுவையும் எதிர்த்து நடத்திய வேலையின் காலம் அது. நீங்கள் கொடுத்த அந்த ஒரு சொட்டும் ஆராய்ச்சிதான்.

பாப்பா ஐ.சி.எம்.ஆர். என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் எஸ்.டி.எஸ். திட்டத்துக்கு முயற்சி செய்யலாம். எம்.பி.பி.எஸ். மாணவர்கள் ஒரு ஆசிரியரின் கீழ் இரண்டு மாதம் சின்ன ஆய்வு செய்ய உதவித்தொகை தருவார்கள். 1979லிருந்து நடக்கிறது. இந்த வருட அறிவிப்பையும் விதிகளையும் கல்லூரியில் கேட்கட்டும். அது கிடைக்காவிட்டாலும் வார்டில் அவளைத் தூங்கவிடாத ஒரு கேள்வி இருந்தால் போதும், ஆசிரியரிடம் போய்ச் சொல்லட்டும். என் பாம்புக்கடிக் கட்டுரையை இரண்டு இதழ்கள் திருப்பி அனுப்பின. மூன்றாவது ஏற்றுக்கொள்ள ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அவளுக்கும் அவ்வளவு ஆகும். ஆகட்டுமே.

நீல நோட்டு என் அலமாரியில் கீழ்த்தட்டில், அட்லஸுக்கு அடியில் இருக்கிறது. அதில் யார் பெயரும் இல்லை, எண்கள்தான். பாப்பா சனிக்கிழமை வரும்போது அவள் கையில் கொடுங்கள். முதல் பத்துப் பக்கத்தில் நிறைய அடித்துத் திருத்தியிருப்பேன். அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

வரிசைப் பட்டியலை மார்ச் முதல் வாரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். அந்த வயதான டாக்டரின் மருத்துவமனையை முதலில் வைத்திருக்கிறேன். மார்ச் 17, திங்கட்கிழமை, இடம் உண்டா இல்லையா என்பது மட்டும் தெரியும். எந்த ஊர் என்பது வெள்ளிக்கிழமைதான். திங்கள் இரவு நீங்கள் சாப்பிட உட்காரும் நேரத்தில் என் போன் வரும். எதுவானாலும் நானே சொல்கிறேன். அம்மா கொடுத்தனுப்பிய தாளிப்பு வடகம் இன்னும் அரை டப்பா இருக்கிறது. வாசனை மூன்றாவது மாடிவரை போகிறது என்று நேபாளத்துப் பெண் சொல்கிறாள், கூடவே அவளும் தட்டை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறாள்.

அன்புடன்,
உங்கள் பெரிய மகள்