கடல் எல்லையில் லிஃப்ட் கேட்பது பற்றி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் போன வாரம் வந்து சேர்ந்தது. முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, கைத்தடி இல்லாமல் நடக்கத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் மனசு லேசானது. படி ஏறி இறங்கும் பயிற்சியை மட்டும் விட்டுவிடாதே. நான் மார்ச்சோடு வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். காலையில் அவசரமில்லாமல் பேப்பர் படிக்க முடிகிறது, மாலையில் பேத்தியோடு பொழுது போகிறது. குறை ஒன்றும் இல்லை.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். உன் மகள் தன் தோழியோடு ஜெர்மனியில் தொடங்கி டென்மார்க், ஸ்வீடன், பின்லாந்து, எஸ்டோனியா என்று லிஃப்ட் கேட்டே சுற்றி, கடைசியில் பிரிட்டனுக்கும் போய்ப் பார்க்கப் போகிறாள். நடுவில் வரும் கடலையும் யாராவது ஒருவர் காரில் உட்கார்ந்து, கார்களையும் ஏற்றிச் செல்லும் கப்பலான ஃபெரியில் தாண்டிவிடலாம் என்கிறாள். சரி என்று சொல்லலாமா என்று கேட்டிருக்கிறாய். சொல்லலாம், போகட்டும். ஆனால் சாலையில் லிஃப்ட் கேட்பதும் துறைமுகத்தில் கேட்பதும் ஒன்றில்லை என்பதை அவளிடம் உட்காரவைத்துப் பேசு. சாலையில் ஒருவர் நமக்கு இடம் கொடுக்கிறார், அவ்வளவுதான். எல்லை தாண்டும் கப்பலுக்குள் தன் காரில் ஏற்றிக்கொண்டு போகிறவர் நமக்கு ஜாமீன் நிற்கிறார். நம் பாஸ்போர்ட்டில் கோளாறு இருந்தாலும், நம் பையில் வேண்டாதது ஏதாவது இருந்தாலும், முதல் கேள்வி அவரிடம்தான் போகும்.

அவள் போடும் காசுக் கணக்கு தப்பில்லை. பிரிட்டனின் டோவருக்கும் பிரான்ஸின் கலேக்கும் நடுவே உள்ள கடல் மார்க்கத்தில் காருக்கு டிக்கெட் எடுத்தால் வழக்கமாக 9 பேர் வரை அதிலேயே அடங்கிவிடும். புட்கார்டனுக்கும் ரோட்பிக்கும் நடுவே ஜெர்மனியையும் டென்மார்க்கையும் இணைக்கும் ஃபெரியிலும் அப்படித்தான். ஆகவே காலி சீட்டில் இன்னொருவர் உட்கார்ந்தால் காரோட்டிக்கு ஒரு காசு கூடச் செலவு ஏறாது. ஆனால் செக்-இன் ஜன்னலில் வண்டியில் எத்தனை பேர் என்று கேட்பார்கள், பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்ப்பார்கள். புதிதாகச் சேர்ந்தவர் பெயரை அங்கேயே சொல்லிச் சேர்க்க வேண்டும். அதனால் பேச்சை துறைமுக வாசலுக்கு முன்பே, கடைசி பெட்ரோல் பங்கிலோ ஓய்விடத்திலோ முடித்துவிட வேண்டும். வாசலைத் தாண்டிய பிறகு வண்டி வரிசைக்குள் நடந்து போய்க் கண்ணாடியைத் தட்ட யாரையும் விடமாட்டார்கள்.

பெயர் சேர்ப்பதை வெறும் சம்பிரதாயமாக அவள் எடுத்துக்கொள்ளக் கூடாது. 1987 மார்ச் 6 அன்று, பெல்ஜியத்தின் ஸீப்ருகே துறைமுகத்திலிருந்து டோவருக்குக் கிளம்பிய 'ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ்' என்ற ஃபெரி முன்கதவை மூடாமலே புறப்பட்டது. கார் தளத்துக்குள் தண்ணீர் புகுந்து, ஒன்றரை நிமிடத்தில் கவிழ்ந்தது. 193 பேர் இறந்தார்கள். 1994 செப்டம்பர் 28 அன்று டாலினிலிருந்து ஸ்டாக்ஹோம் போய்க்கொண்டிருந்த 'எஸ்டோனியா' என்ற ஃபெரி பால்டிக் கடலில் மூழ்கி 852 பேர் இறந்தார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 1998-ல் சட்டம் போட்டது: ஏறுகிறவர் ஒவ்வொருவரையும் எண்ண வேண்டும், 20 கடல் மைலுக்கு மேல் போகிற கப்பலில் பெயரையும் பதிவு செய்ய வேண்டும். கப்பலுக்கு ஏதாவது ஆனால் அந்தப் பட்டியலை வைத்துத்தான் ஆளைத் தேடுவார்கள். பின்சீட்டில் போர்வைக்குள் படுத்துக்கொண்டு காசில்லாமல் கடல் தாண்டியதாகப் பெருமை பேசும் இளைஞர்கள் உண்டு. அப்படிப் போகிறவனைத் தேட அங்கே யாருக்கும் தெரியாது. கப்பல் ஓடும்போது கார் தளத்தில் ஆள் இருக்கவும் கூடாது, கதவைப் பூட்டிவிடுவார்கள். இதை உன் மகளுக்கு அழுத்திச் சொல்.

அப்புறம் லாரிக்காரர்கள். சாலையில் லிஃப்ட் கேட்பவர்களுக்கு அவர்கள்தான் பெரிய துணை. ஆனால் கலே பக்கம் நெருங்க நெருங்க அவர்கள் கையசைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அதைக் கல்நெஞ்சம் என்று நினைக்க வேண்டாம். பிரிட்டனுக்குள் ஒளிந்து வருகிற ஆள் தன் வண்டியில் பிடிபட்டால் ஓட்டுநருக்கு அபராதம். அது 2,000 பவுண்ட் வரை என்று இருந்ததை, 2023 பிப்ரவரியில் தலைக்கு 10,000 பவுண்ட் வரை என்று உயர்த்திவிட்டார்கள். ஆள் ஏறியது எனக்குத் தெரியாது என்று சொல்லி மட்டும் தப்பிக்க முடியாது. முறையான பாஸ்போர்ட்டோடு முன்சீட்டில் உட்காருகிறவர்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்றாலும், அந்தப் பயத்தோடு ஓட்டுகிற மனுஷன் புதிய ஆளை ஏற்றத் தயங்கத்தான் செய்வார். பல கம்பெனிகள் பயணிகளை ஏற்றவே கூடாது என்று சொல்லிவைத்திருக்கின்றன.

என் யோசனை என்னவென்றால், நடந்து ஏற டிக்கெட் கிடைக்கும் இடத்திலெல்லாம் அவள் தன் காசில் டிக்கெட் எடுத்து நடந்தே ஏறட்டும். தன் பெயர், தன் டிக்கெட், தன் பாஸ்போர்ட். யாருடைய தயவும் இல்லாமல் சோதனையைத் தாண்டிவிட்டு, கப்பலுக்குள் போய் அக்கரைக்கு அப்பால் லிஃப்ட் கேட்கட்டும். கப்பலைப் போல் லிஃப்ட் கேட்க வாகான இடம் வேறில்லை. எல்லோரும் காரை விட்டு இறங்கி மேலே வந்து சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள், எல்லோரும் ஒரே திசையில் போகிறார்கள். நாம் அவர்களைப் பார்த்துப் பழகலாம், அவர்களும் நம்மைப் பார்த்து எடைபோடலாம். சாலையோரத்தில் அந்த முடிவை ஒரு நொடியில் எடுக்க வேண்டியிருக்கிறது. இரண்டு பெண்கள் தனியாகப் போகும்போது இந்த அவகாசம் பெரிய விஷயம். காரில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்து, பிடிக்காவிட்டால் நன்றி சொல்லி நகர்ந்துவிடலாம்.

நான் அங்கே சுற்றிய காலத்தில், 1990களின் கடைசியில், புட்கார்டனில் நடந்து ஏறினேன். 45 நிமிடப் பயணம். அப்போது கப்பலில் வரியில்லாச் சரக்கு விற்பனை இருந்தது (ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் அது 1999 ஜூன் முடிவோடு நின்றது). பெட்டி பெட்டியாக வாங்கிக்கொண்டு அதே கப்பலில் திரும்பிப் போகவே நிறையப் பேர் வருவார்கள். அவர்களை விட்டுவிட்டு, சாப்பாட்டு மேஜையில் சாலை வரைபடத்தை விரித்து வைத்திருப்பவர்களாகப் பார்த்துப் போனேன். வயதான ஒரு டேனிஷ் அம்மா, காலடியில் நாயோடு. கோபன்ஹேகன் பக்கம் போவதாகச் சொன்னார். உடனே சரி சொல்லவில்லை. பாஸ்போர்ட்டைக் கேட்டு வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, படத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். விசா பக்கத்தைத் தேடி எடுத்து, தேதியை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். பிறகு, "பையைத் திறந்து காட்டுவாயா?" என்றார். அந்த மேஜை மேலேயே சட்டை, துவைக்காத காலுறை, மருந்து டப்பா எல்லாவற்றையும் எடுத்து வைத்தேன். மருந்து என்னவென்று கேட்டு, மூடியைத் திறந்து பார்த்து, திரும்ப மூடிக் கொடுத்த பிறகுதான் வா என்றார்.

எனக்குக் கொஞ்சம்கூட வருத்தமாக இல்லை, மரியாதைதான் வந்தது. கீழே கார் தளத்துக்குப் போனால் நடுத்தடத்தில் ஒரு ரயிலே நிற்கிறது! ஹாம்பர்க்–கோபன்ஹேகன் ரயில் அப்போதெல்லாம் கப்பலுக்குள் ஏறித்தான் கடல் தாண்டும், 2019 டிசம்பர் வரை அது நடந்தது. ஒன்றுக்கொன்று எல்லைச் சோதனை வேண்டாம் என்று ஒப்பந்தம் போட்டுக்கொண்ட ஐரோப்பிய நாடுகளின் கூட்டான ஷெங்கனில் டென்மார்க் இன்னும் சேராத காலம், ஆகவே ரோட்பியில் இறங்கியதும் சோதனை. அதிகாரி குனிந்து, இவர் உங்களோடு வருகிறவரா என்று அந்த அம்மாவைக் கேட்டார். "இல்லை, கப்பலில் பழக்கம். ஊர் வரை கூட்டிப் போகிறேன். பை அவருடையது, நான் பார்த்துவிட்டேன்" என்று உள்ளதை உள்ளபடியே சொன்னார். அதிகாரி என்னிடம் தனியாக அதையே கேட்டார், நானும் அதையே சொன்னேன். வண்டியைப் போகச் சொல்லிவிட்டார். சொந்தக்காரர், கூடப் படித்தவர் என்று எதையாவது சொல்லி ஒப்பேற்றப் பார்த்திருந்தால் இரண்டு பேரும் மாட்டியிருப்போம். யாராவது ஒரு பெட்டியைக் காட்டி, கேட்டால் உன்னுடையது என்று சொல் என்றால், ஒரு பாட்டில் சாராயமாகவே இருந்தாலும், அந்த வண்டியே வேண்டாம் என்று மகளிடம் சொல்லிவை.

அந்த மார்க்கத்தில் இப்போது கடலுக்கடியில் 18 கிலோமீட்டர் சுரங்கம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். டென்மார்க்குக்கும் ஸ்வீடனுக்கும் நடுவே ஓரெசுண்ட் பாலம் 2000-ல் வந்தாயிற்று, அதில் நடந்து போக அனுமதி இல்லை. ஊருக்கு நல்லதுதான். ஆனால் பாலம் வர வர, ஓட்டுகிறவரும் கேட்கிறவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பேச ஒரு இடம் குறைகிறது. எனக்கு அதில் உண்மையாகவே வருத்தம். நல்லவேளை, ஹெல்சிங்கோர்–ஹெல்சிங்போரி ஃபெரி இன்னும் ஓடுகிறது. இருபது நிமிடம்தான் என்றாலும் அவள் பாலத்தை விட்டு அதில் போகட்டும். ஹெல்சிங்கி–டாலின் இரண்டு மணி நேரம், நடந்து ஏறுவது சர்வ சாதாரணம். இரண்டு கரையும் ஷெங்கனுக்குள் என்பதால் வழக்கமாகப் பாஸ்போர்ட் வரிசை கிடையாது. ஆனாலும் பாஸ்போர்ட் கையிலேயே இருக்க வேண்டும்.

சிக்கல் டோவர்–கலேதான். நடந்து ஏறுவோரைச் சில கப்பல்களில் மட்டுமே ஏற்றுகிறார்கள், முன்கூட்டியே பார்த்துப் பதிவு செய்ய வேண்டும். பக்கத்திலேயே, கடலுக்கடியில் சுரங்கத்தின் வழியே கார்களை ஏற்றிச் செல்லும் ரயிலில் நடந்து வருவோருக்கு இடமே இல்லை. இன்னொன்று, பிரிட்டன் அதிகாரிகள் கலேயிலேயே, கப்பல் ஏறும் முன் பார்க்கிறார்கள், பிரெஞ்சு அதிகாரிகள் டோவரிலேயே பார்க்கிறார்கள். 2003-ல் இரண்டு நாடும் போட்டுக்கொண்ட ஒப்பந்தம் அது. காரில் ஏறிப் போய், அங்கே உன் மகளிடம் கேள்வி நீண்டால், காரோட்டியின் கப்பல் அவர் கண்முன்னே போய்விடும். அதனால் விசா விஷயத்தில் சந்தேகத்துக்கே இடம் வைக்காதே. பிரிட்டனுக்குத் தனி விசா. போய்விட்டுத் திரும்பவும் பிரான்ஸ் பக்கம் வருவதாக இருந்தால் ஷெங்கன் விசா ஒருமுறை நுழைவாக இருக்கக் கூடாது, பலமுறை நுழைவாகக் கேட்டு வாங்க வேண்டும். 2025 அக்டோபர் 12-லிருந்து ஷெங்கன் எல்லைகளில் முத்திரைக்குப் பதில் கணினிப் பதிவு தொடங்கிவிட்டது, நாள் கணக்கு அதிலேயே ஏறிவிடும்.

அவள் எந்தத் தேதியில் கிளம்புகிறாள், எந்தெந்தக் கடலை எங்கே தாண்டுவதாக இருக்கிறாள் என்று ஒரு தாளில் எழுதி அனுப்பச் சொல். ஒவ்வொரு மார்க்கத்துக்கும் நடந்து ஏற வழி இருக்கிறதா என்று நான் உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன், எனக்கும் நேரம் இருக்கிறது. வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல். டாக்டரிடம் அடுத்து எப்போது போக வேண்டும் என்பதை மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி