நாற்காலியோடு தூக்கிவைத்த நீதிபதி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

கொள்ளுத்தாத்தாவைப் பற்றித் தெரிந்ததையெல்லாம் எழுதி அனுப்பச் சொன்னாய். அதற்குத்தான் உட்கார்ந்தேன். பேனாவை எடுத்ததும், அமெரிக்கா வந்தபோது போனோமே, நியூயார்க் மாநிலத்துக் கூப்பர்ஸ்டவுன், அந்த ஊர்தான் ஞாபகம் வந்தது. நீங்கள் இருவரும் பேஸ்பால் மியூசியத்துக்குள் போய்விட, நாங்கள் பக்கத்துப் பார்க்கில் ஜேம்ஸ் ஃபெனிமோர் கூப்பர் சிலையருகே உட்கார்ந்திருந்தோமே, அந்த இடத்தில்தான் அவர்கள் வீடு இருந்ததாம். மகன் பெரிய எழுத்தாளர், சரி. எனக்கென்னவோ அவருடைய அப்பாவைப் பற்றித்தான் ஆர்வம். ஊருக்கு வந்தும் தேடித்தேடிப் படித்தேன்.

வில்லியம் கூப்பர், 1754இல் பென்சில்வேனியாவில் பிறந்தவர். முதலில் வண்டிச் சக்கரம் செய்து பிழைத்தார். 1786 ஜனவரியில் ஒரு கூட்டாளியோடு சேர்ந்து ஒட்சிகோ ஏரிக்கரைக் காட்டை ஏலத்தில் எடுத்தார். அது ஜார்ஜ் குரோகன் என்பவர் கடனில் மூழ்கி விட்டுப்போன நிலம். முப்பது வருஷம் பத்திரம் எழுதியவன் நான். ஏல நிலம், வாரிசுகள் உயிரோடு என்று படித்ததுமே வில்லங்கம் பார்க்கக் கை துடித்தது. என்னிடம் வந்திருந்தால், ‘ஐயா, இந்தச் சொத்து வேண்டாம்’ என்றிருப்பேன். அவரோ மே மாதமே விற்பனையைத் தொடங்கி, 16 நாளில் 40,000 ஏக்கர் போய்விட்டதாகப் பெருமையாக எழுதியிருக்கிறார். வாங்கியவர்கள் கையில் காசில்லாத குடியானவர்கள். 1789இல் அவர்கள் பட்டினி கிடந்தபோது, சட்டமன்றத்தில் கேட்டு 1,700 புஷல் மக்காச்சோளம் வாங்கிக் குதிரை முதுகில் ஏற்றிவந்து பங்கிட்டுக் கொடுத்ததையும் சொல்லத்தான் வேண்டும்.

மறு வருஷம் குடும்பத்தை அங்கே கூட்டிப்போகக் கிளம்பினார். காட்டுக்கு வரமாட்டேன் என்று மனைவி எலிசபெத் நாற்காலியில் உட்கார்ந்துவிட, அப்படியே நாற்காலியோடு தூக்கி வண்டியில் வைத்துவிட்டாராம். குடும்பத்தார் சொல்லிவந்த கதை. அப்போது ஜேம்ஸ் ஒரு வயதுக் குழந்தை. இதைச் சொன்னதும் அம்மா, “கீழே குதித்திருக்க வேண்டியதுதானே” என்றாள்.

1791இல் ஒட்சிகோ தனி மாவட்டமானது; முதல் நீதிபதி இவரே. நிலம் விற்றவர், பாக்கி வசூலிப்பவர், தீர்ப்புச் சொல்பவர் எல்லாம் ஒரே ஆள் என்றால் யார் எதிர்த்துப் பேசுவது? மறு வருஷ ஆளுநர் தேர்தலில் வாக்காளர்களை மிரட்டினார் என்று புகார் எழுந்தது. ஓட்டுப்பெட்டியைக் கொண்டுபோன ஷெரீஃபின் (மாவட்டக் காவல் அதிகாரி) பதவிக்காலம் முடிந்துவிட்டது என்று சொல்லி ஒட்சிகோ ஓட்டுகளையே தள்ளிவிட்டார்கள். இவர் ஆதரித்த ஜான் ஜே 108 ஓட்டில் தோற்றார். அப்புறம் இவர் இரண்டு முறை அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் உறுப்பினர். 1799இல், தாமே வளர்த்துவிட்ட ஜெடிடியா பெக் அரசுக்கு எதிரான மனுவைச் சுற்றுக்கு விட்டதற்காக அவரைக் கைது செய்யவைத்தார். நியூயார்க் நகருக்கு அழைத்துப்போன வழியெல்லாம் பெக்குக்குத்தான் பேர் வந்தது.

கூப்பர் 1809 டிசம்பரில் ஆல்பனியில் இறந்தார். அரசியல் எதிரி பின்னாலிருந்து தலையில் அடித்ததுதான் காரணம் என்று குடும்பத்தில் சொல்லிவந்தார்கள். ஆலன் டெய்லர் என்ற வரலாற்றாசிரியர் பழைய தாள்களைப் புரட்டியபோது, அப்படி ஓர் அடி விழுந்ததற்கு அந்தக் காலத்துச் சான்று எதுவும் சிக்கவில்லை. கடனும் வழக்குமாகச் சொத்து கரைந்தது. ஐந்து மகன்களில் நால்வர் 1819க்குள் போய்விட்டார்கள். மிஞ்சிய கடைக்குட்டி ஜேம்ஸ், கைவிட்டுப்போன வீட்டை 1834இல் மீட்டார். பின்னால் அதுவும் தீயில் போயிற்று.

இனி நம் கொள்ளுத்தாத்தா. கிராம முன்சீப்பாக இருந்தார், கிஸ்தி வசூலித்தார், சில்லறை வழக்குகளுக்குத் திண்ணையில் தீர்ப்புச் சொன்னார். இதெல்லாம் உண்மை. வெள்ளைக்காரக் கலெக்டரை எதிர்த்துப் பேசி வேலையை உதறினார் என்று நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது சொல்வேனே, என் அப்பா எனக்குச் சொன்னது அது. போன வாரம் பரணிலிருந்து தகரப்பெட்டியை இறக்கினேன். கிஸ்திக் கணக்கில் 43 ரூபாய் உதைத்திருக்கிறது. அதற்காக அவரை நீக்கிய உத்தரவு நாலாய் மடித்து அடியில் கிடந்தது. இத்தனை வருஷம் பத்திரமாக வைத்திருந்தது யார் என்றுதான் யோசிக்கிறேன்.

ஜெராக்ஸ் இந்தக் கவரிலேயே இருக்கிறது. உன் அத்தையிடம் இப்போதைக்குச் சொல்லாதே. நானே நேரில் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா